நட்சத்திரக் குறி வெட்டிய பந்து

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சின்ன ஊர். சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அவர்களிடம் உள்ள ஆயிரக்கணக்கான பொருள்களில் ஒரு பந்தும் உண்டு. வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல் எல்லாம் வழக்கம்போல்தான், ஆனால் தோலில் ஓர் இடத்தில் அச்சு வைத்து வெட்டிய நட்சத்திரக் குறி. துணிக்கடை விளம்பரத்தில் 50% தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டுவிட்டு மூலையில் ஒரு நட்சத்திரம் வைத்து, கீழே பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று எழுதுவார்களே, அதே குறி.

2007 ஆகஸ்ட் 7 அன்று சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பேரி பாண்ட்ஸ் அடித்த 756வது ஹோம் ரன் பந்து அது. ஹோம் ரன் என்பதை நம் சிக்ஸர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட அரிது. ஒரு சீசனில் 30 அடித்தாலே பெரிய ஆள். மொத்த வாழ்நாளில் 755 அடித்த ஹேங்க் ஆரனின் சாதனை 30 வருடத்துக்கும் மேலாக அசையாமல் நின்றது. அதை உடைத்த பந்தைத்தான் இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்னவர்கள் இணையத்தில் ஓட்டுப் போட்ட பொதுஜனம்.

ஊக்கமருந்து என்றால் ரசிகர்கள் கொதிப்பார்கள், ஏமாற்றுக்காரனைத் தூக்கி எறிவார்கள் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. பேஸ்பால் கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் அது அப்படியே பொய் என்று சொல்ல முடியாவிட்டாலும், பாதிக்கு மேல் பொய். ரசிகனின் கோபம் மருந்தைப் பார்த்து வருவதில்லை, மருந்து போட்டவன் எந்த ஜெர்சி போட்டிருக்கிறான், யாருடைய சாதனையில் கை வைக்கிறான், பார்க்க எப்படிப்பட்ட ஆள் என்பதைப் பார்த்து வருகிறது. இதற்கு மூன்று பந்துகளையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

முதல் பந்து: 30 லட்சம் டாலர்

1994 ஆகஸ்டில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. சம்பள உச்சவரம்பு தகராறு. சீசன் பாதியில் நின்றது, சாம்பியன் யார் என்று முடிவாகும் இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸே அந்த வருடம் ரத்து. கோடீஸ்வர வீரர்களும் அவர்களைவிடப் பெரிய கோடீஸ்வர முதலாளிகளும் அடித்துக்கொள்வதைப் பார்த்த ரசிகர்களுக்கு வெறுத்துப்போனது. மறுபடி ஆட்டம் தொடங்கியபோது மைதானங்கள் காற்று வாங்கின.

அவர்களைத் திரும்பக் கூட்டி வந்ததில் பெரிய பங்கு 1998ஆம் ஆண்டு கோடைக்கு உண்டு. செயின்ட் லூயிஸ் அணியின் மார்க் மெக்வயர், சிகாகோ கப்ஸின் சாமி சோசா. ஒரே சீசனில் 61 ஹோம் ரன் என்ற ரோஜர் மேரிஸின் 1961ஆம் வருடச் சாதனையை இருவரும் துரத்தினார்கள். செப்டம்பர் 8 அன்று மெக்வயர் 62வதை அடித்தபோது மேரிஸின் பிள்ளைகள் கேலரியில் உட்கார்ந்திருந்தார்கள், எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த சோசா ஓடி வந்து கட்டிப்பிடித்தார். நாடே உருகியது. கடைசியில் மெக்வயர் 70, சோசா 66.

அந்த 70வது பந்து 1999 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. டாட் மெக்ஃபார்லேன் என்ற காமிக்ஸ்காரர் கமிஷனோடு சேர்த்துச் சுமார் 30 லட்சம் டாலருக்கு எடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மெக்வயர் ஏதோ எடுக்கிறார் என்பது அப்போதே தெரியும். 1998 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன் அவருடைய லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டயோன் பாட்டிலைப் பார்த்து எழுதிவிட்டார். உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய சரக்கு. ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கன் ஃபுட்பாலில் தடை, பேஸ்பாலில் மட்டும் தடை இல்லை, கடையில் யாரும் வாங்கலாம். மெக்வயரும் மறுக்கவில்லை. அப்போது திட்டு வாங்கியது யார் தெரியுமா? அதிகமும் வில்ஸ்டீன்தான். அடுத்தவன் லாக்கரை எட்டிப் பார்த்தது ஒழுங்கீனம் என்று அணி நிர்வாகமே பாய்ந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று சொன்னவனுக்குக் கிடைக்கும் மரியாதை அவருக்குக் கிடைத்தது.

நிர்வாகம் ஏன் கண்ணை மூடிக்கொண்டது என்று கேட்க வேண்டியதே இல்லை. தசையை ஏற்றும் ஸ்டீராய்டு கூடாது என்று 1991லேயே அப்போதைய கமிஷனர், அதாவது பேஸ்பாலின் தலைமை நிர்வாகி, ஃபே வின்சென்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆனால் சோதனை கிடையாது. சோதனை வைக்க வீரர்கள் சங்கம் சம்மதிக்க வேண்டும், சங்கம் அதை அந்தரங்க உரிமை என்றது, முதலாளிகளும் அதற்காக உயிரைக் கொடுத்துப் போராடவில்லை. சோதனை இல்லாத தடை என்பது போலீஸ் இல்லாத சிக்னல் மாதிரி.

இரண்டாவது பந்து: 4.5 லட்சம்

மெக்வயரின் பாட்டில் செய்தி வந்த அதே வாரத்தில் பேரி பாண்ட்ஸ் தன்னுடைய 400வது ஹோம் ரன்னை அடித்தார். 400 ஹோம் ரன், 400 திருடிய பேஸ் (பந்து அடிபடாமலே ஓடி அடுத்த தளத்தைப் பிடிப்பது) என்ற இரண்டையும் சேர்த்துத் தொட்ட முதல் ஆள், சரித்திரத்திலேயே. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எல்லா கேமராவும் மெக்வயர் பக்கம்.

பாண்ட்ஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா பாபி பாண்ட்ஸ் பெரிய ஆட்டக்காரர், ஞானத்தந்தை இன்னொரு பெரிய ஆட்டக்காரரான வில்லி மேஸ். 1998க்கு முன்பே மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். கூடவே முசுடு. செய்தியாளர்களிடம் எரிந்து விழுவார், சக வீரர்களோடும் அவ்வளவாக ஒட்ட மாட்டார். இந்தக் குணம் பின்னால் அவருக்கு மருந்தைவிட அதிகக் கேடு செய்தது என்பது என் கணிப்பு.

அதுவரை ஒரு சீசனில் அவருடைய உச்சம் 49. 2001இல் 73 அடித்தார், அந்த சீசன் நடுவில் அவருக்கு 37 வயது. பொதுவாக ஆட்டக்காரர்கள் தேயும் வயது. ஸ்டீராய்டு பந்தை எப்படிப் பார்ப்பது, எப்போது மட்டையைச் சுழற்றுவது என்று சொல்லித் தராது, அந்தக் கண்ணும் கையும் பாண்ட்ஸுக்குப் பிறவியிலேயே இருந்தன. மருந்து கொடுப்பது தசையும், கடும் பயிற்சிக்குப் பின் உடம்பு சீக்கிரம் தேறும் சக்தியும்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே போதும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரோஜர் டோபின் கணக்குப் போட்டுக் காட்டினார்: மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் ஒரு 4% கூடினாலே ஹோம் ரன் எண்ணிக்கை பாதிக்குப் பாதி, அதற்கு மேலும் கூட, ஏறிவிடும். சுவரோரம் கேட்ச் ஆகிற பந்தெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் விழுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

73வது பந்து இரண்டு ரசிகர்களுக்கு நடுவே வழக்காகி நீதிமன்றம் போனது தனிக்கதை. ஒருவர் கையுறையில் வாங்கினார், கூட்டம் அவர் மேல் விழுந்து அமுக்கியது, பந்து உருண்டு இன்னொருவர் எடுத்துக்கொண்டார். விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் நீதிபதி. 2003இல் அது 4,50,000 டாலருக்குத்தான் போனது. வாங்கியவர் அதே மெக்ஃபார்லேன். முதலில் கையுறையில் வாங்கியவருக்கு வக்கீல் ஃபீஸ் அவர் பங்கைவிட அதிகம்.

70க்கு 30 லட்சம், அதையும் தாண்டிய 73க்கு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதை முழுக்க மருந்துக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1999 அமெரிக்காவில் பணம் தண்ணீராக ஓடிய காலம், மேலும் 37 வருடச் சாதனை உடைவதும் மூன்றே வருடத்தில் மறுபடி உடைவதும் ஒன்றல்ல. ஆனால் காற்று மாறிவிட்டதும் உண்மை. 2002இல் கென் கேமினிட்டி, 1996இன் சிறந்த வீரர் விருது பெற்றவர், ஆமாம், ஸ்டீராய்டு போட்டுத்தான் ஆடினேன் என்று ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். 2003இல் பெயர் வெளியிடாத ஒத்திகைச் சோதனை ஒன்று நடந்தது. 5% பேருக்கு மேல் மாட்டினால் அடுத்த வருடத்திலிருந்து கட்டாயச் சோதனை என்பது ஒப்பந்தம். சோதனை நடக்கப் போகிறது என்று முன்னாடியே தெரிந்தும் 5 முதல் 7% வரை மாட்டினார்கள். இவர்களை என்ன சொல்ல.

அப்புறம் 2003 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் பர்லிங்கேம் என்ற ஊரில் பால்கோ என்ற சத்துமருந்து நிறுவனத்தில் ரெய்டு. அந்த நிறுவனத்தை நடத்தியவர் விக்டர் கான்டே. சோதனையில் தெரியாத மாதிரியே வடிவமைத்த டிஹெச்ஜி என்ற ஸ்டீராய்டு அங்கிருந்துதான் விநியோகம் ஆனது. அதைக் காட்டிக் கொடுத்தது ஓர் ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பிய பழைய சிரிஞ்ச், அதில் ஒட்டியிருந்த மிச்சத்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகத்தில் டான் கேட்லின் குழு கண்டுபிடித்தது. பாண்ட்ஸின் பயிற்சியாளரும் பால்ய நண்பருமான கிரெக் ஆண்டர்சனும் பால்கோவோடு சேர்ந்து மாட்டினார்.

வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி முன் பாண்ட்ஸ் சொன்னது: ஆண்டர்சன் கொடுத்தது ஆளிவிதை எண்ணெய், மூட்டுவலித் தைலம் என்றுதான் நினைத்தேன். இந்த வாக்குமூலம் 2004 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் நாளிதழில் கசிந்தது. நம்பியவர்கள் நம்பினார்கள்.

மூன்றாவது பந்து: 7,52,467

2006, 2007 இரண்டு சீசனிலும் பாண்ட்ஸ் ஊர் ஊராகத் திட்டு வாங்கினார். நட்சத்திரக் குறி வரைந்த அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2006 தொடக்க நாளில் சான்டியேகோவில் ஒருவர் ஊசியில்லாத சிரிஞ்சையே மைதானத்துக்குள் வீசினார், பாண்ட்ஸ் அதைக் கையுறையால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். சொந்த ஊரான சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் ஒவ்வொரு முறை மட்டையோடு வரும்போதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே மனிதர், அதே தோள், அதே சந்தேகம். சில மணி நேர டிரைவில் கூச்சல் கைதட்டலாகிவிடும்.

2007 மே மாதம் ஏபிசியும் ஈஎஸ்பிஎன்னும் சேர்ந்து கருத்துக்கணிப்பு எடுத்தன. பாண்ட்ஸ் ஆரனின் சாதனையை உடைக்கக் கூடாது என்றவர்கள் 52%, உடைக்கட்டும் என்றவர்கள் 37%. உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயமே. கறுப்பின ரசிகர்களில் 74% பேர் உடைக்கட்டும் என்றார்கள், வெள்ளையரில் 28%தான். அவர் மருந்து எடுத்தாரா என்ற கேள்வியிலேயே இரு தரப்பும் பிரிந்து நின்றன. வெள்ளையரில் முக்கால்வாசிப் பேர் எடுத்தார் என்றார்கள், கறுப்பினத்தாரில் அதில் பாதிதான். மெக்வயரைக் கொண்டாடிய நாடு பாண்ட்ஸை மட்டும் ஏன் சிலுவையில் அறைகிறது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆரன் தானே 1973இல், அதுவரை சாதனையாக இருந்த பேப் ரூத்தின் 714 ஹோம் ரன்னை நெருங்கியபோது, கறுப்பர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொலை மிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வாங்கியவர். அதே ஆரனின் பெயரைக் காப்பாற்றத்தான் இப்போது பலர் மல்லுக்கட்டினார்கள். இந்த முரணுக்கு எளிதான விளக்கம் என்னிடம் இல்லை. ஆரன் மேல் உண்மையான மரியாதை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், பாண்ட்ஸைப் பிடிக்காததற்கு ஆரனைக் கேடயமாகப் பிடித்தவர்களும் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 4, சான்டியேகோ. பாண்ட்ஸ் 755ஐத் தொட்டார். கமிஷனர் பட் செலிக் எழுந்து நின்றார், ஆனால் கைகள் பேன்ட் பாக்கெட்டிலேயே இருந்தன. தட்டவில்லை. இதைவிட ருசியான விவரம், அந்தப் பந்தை வீசிய கிளே ஹென்ஸ்லி 2005இல் கீழ்நிலை லீக்கில் ஸ்டீராய்டு சோதனையில் மாட்டித் தண்டனை அனுபவித்தவர். அவரைப் பார்த்து யாரும் சிரிஞ்ச் வீசவில்லை. அவரை யாருக்குத் தெரியும்?

மூன்று நாள் கழித்துச் சொந்த மைதானத்தில் 756. வாஷிங்டன் அணியின் மைக் பேக்ஸிக் வீசிய பந்து. செலிக் வரவில்லை. ஸ்டேடியத்தின் பெரிய திரையில் ஆரனின் வாழ்த்து ஓடியது, முன்பே பதிவு செய்தது, கௌரவமாக, அளந்து பேசிய வாழ்த்து.

பந்தைப் பிடித்த இளைஞர் வரி கட்ட வேண்டியிருக்குமே என்ற பயத்தில் விற்றுவிட்டார். வாங்கியவர் மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர், விலை 7,52,467 டாலர். வாங்கிய கையோடு ஓட்டெடுப்பு அறிவித்தார்: பந்தை அப்படியே ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுக்கலாமா, நட்சத்திரக் குறி வெட்டிக் கொடுக்கலாமா, அல்லது ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்பிவிடலாமா? 1 கோடிக்கு மேல் ஓட்டுகள் விழுந்தன. குறி வெட்டு என்றவர்கள் 47%, அப்படியே கொடு என்றவர்கள் 34%, விண்வெளிக்கு 19%. பாண்ட்ஸ் எக்கோவை முட்டாள் என்று திட்டினார். குறியோடு அந்தப் பந்தை வைத்தால் ஹால் ஆஃப் ஃபேம் பக்கமே வரமாட்டேன் என்றார். 2008இல் பந்து குறியோடு கூப்பர்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இந்த ஓட்டுக்கணக்கு ரொம்பப் பிடிக்கும். 47 என்பது பெரும்பான்மைகூட இல்லை. எறிந்துவிடு என்று சொன்னவர்களும் ஐந்தில் ஒருவர்தான். அதிகம் பேர் கேட்டது ஒரு அடிக்குறிப்பு. சாதனை இருக்கட்டும், ஆனால் கீழே பொடி எழுத்தில் எழுதி வை.

கைதட்டல் யாருக்கு

அதே 2007இல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் மைதானங்களுக்கு வந்தவர்கள் சுமார் 7.95 கோடிப் பேர். அதுவரை இல்லாத சாதனை. நாடாளுமன்ற விசாரணை, அதில் ரஃபேல் பால்மெய்ரோ விரலை நீட்டி நான் தொட்டதே இல்லை என்றுவிட்டு அதே வருடம் ஸ்டானோசொலால் சோதனையில் மாட்டியது, மெக்வயர் பழங்கதை பேச நான் இங்கே வரவில்லை என்று நழுவியது எல்லாம் 2005லேயே நடந்து முடிந்துவிட்டன. டிக்கெட் விற்பனையில் ஒரு கீறல் விழவில்லை. 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் 89 வீரர்களின் பெயரோடு அறிக்கை வெளியிட்டார். ரசிகர்கள் படித்தார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள், ஏப்ரலில் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மேனி ராமிரெஸ் 2009இல் மாட்டி 50 ஆட்டம் தடை வாங்கினார். திரும்பி வந்த மாதமே அவர் உருவத்தில் தலையாட்டிப் பொம்மை இலவசம் என்று அணி ஒரு இரவு அறிவித்தது, அன்றைக்கு அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஒரே அடியில் நாலு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார், ஸ்டேடியம் ஆடிப்போனது. மில்வாக்கியின் ரையன் பிரான் இன்னும் மோசம். 2011இல் சிறந்த வீரர் விருது, உடனே சோதனையில் சிக்கல், மாதிரியை எடுத்துக்கொண்டு போன ஊழியர் மேல் பழியைப் போட்டுத் தப்பினார். 2013இல் வேறு வழியில் மாட்டி 65 ஆட்டம் தடை, மன்னிப்பு. 2014இல் சொந்த ஊர் முதல் ஆட்டத்தில் மக்கள் எழுந்து நின்று தட்டினார்கள். வெளியூரில் கூச்சல்தான். நம் பிள்ளை செய்தால் விளையாட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை செய்தால் தறுதலை.

சிரிக்க வேண்டாம், கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பையிலிருந்து சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை விவகாரத்தில் வீட்டுக்குப் போனார், ஒரு வருடத் தடை. 2004இல் காலேயில் 500வது விக்கெட் எடுத்தபோது யாராவது அந்த மாத்திரையை நினைத்தார்களா?

இதற்கு மேல், சிரித்த முகம் என்று ஒன்று இருக்கிறது. பாஸ்டனின் டேவிட் ஓர்டிஸ் பெயரும் 2003 ஒத்திகைச் சோதனையில் மாட்டியவர்களின் ரகசியப் பட்டியலில் இருப்பதாக 2009இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தப் பட்டியலில் சில முடிவுகள் சந்தேகத்துக்கு இடமானவை என்று பின்னால் கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் சொன்னார், அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் பாண்ட்ஸும் லீக் நடத்திய ஸ்டீராய்டு சோதனையில் தோற்றதாக ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. ஓர்டிஸ் எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் மனிதர், செல்லப்பெயர் பிக் பாப்பி. 2022இல் முதல் முயற்சியிலேயே 77.9% வாங்கி ஹால் ஆஃப் ஃபேம் போனார். தேவை 75%. அதே ஓட்டெடுப்பில், பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், பாண்ட்ஸுக்கு 66%.

இதில் ஓட்டுப் போடுவது ரசிகர்கள் இல்லை, பேஸ்பால் செய்தியாளர்கள். ஆனால் அவர்களும் ஒருவகையில் ரசிகர்களே. பாண்ட்ஸ் 2013இல் 36.2%இல் தொடங்கினார், 2016இல் 44.3, 2017இல் ஒரே தாவலாக 53.8. நடுவில் என்ன நடந்தது? கைகளைப் பாக்கெட்டில் வைத்திருந்த செலிக்கை வேறொரு குழு 2016 டிசம்பரில் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. கடை முதலாளிக்கு மாலை போட்டுவிட்டு வேலைக்காரனை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படி என்று சில செய்தியாளர்கள் வெளிப்படையாகவே எழுதி, ஓட்டை மாற்றினார்கள்.

பாண்ட்ஸ் மேல் போட்ட வழக்கும் அப்படித்தான் இழுத்தது. 2007 நவம்பரில், கிராண்ட் ஜூரி முன் சொன்னதற்காகப் பொய் சாட்சிக் குற்றச்சாட்டு. ஆண்டர்சன் நண்பனுக்கு எதிராக வாய் திறக்க மறுத்து ஒரு வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்தார், சரக்கை விநியோகித்த கான்டே இருந்தது நாலு மாதம். 2011இல் நீதிக்குத் தடை செய்த ஒரே குற்றத்தில் பாண்ட்ஸுக்குத் தண்டனை, 30 நாள் வீட்டுக்காவல். ஊசி போட்டுக்கொண்டாயா என்ற கேள்விக்கு, பிரபலமான அப்பாவுக்குப் பிறந்த பிள்ளையின் கஷ்டங்களைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேசினார் என்பதுதான் அந்தக் குற்றம். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் 10க்கு 1 என்று தள்ளுபடி செய்துவிட்டது.

2022இல் நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 62 அடித்தார். பட்டியல்படி அது 73க்கு எவ்வளவோ கீழே, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சாதனை மட்டுமே. ஆனால் மேரிஸின் மகன், இதுதான் உண்மையான சாதனை என்றார், கணிசமான ரசிகர்களும் ஆமோதித்தார்கள். அந்தப் பந்து 15 லட்சம் டாலருக்குப் போனது, பாண்ட்ஸின் 73க்குக் கிடைத்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல். பழைய ஆட்களைத் திட்டுவதைவிடப் புது ஆளைத் தூக்கிவைப்பது ரசிகனுக்குச் சுலபம்.

செய்தியாளர் ஓட்டு முடிந்ததும் பாண்ட்ஸ் பெயர் 16 பேர் கொண்ட சிறு குழுவிடம் போனது. 2022 டிசம்பரில் கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் அந்தக் குழு ஜெஃப் கென்டைத் தேர்ந்தெடுத்தது. 2002இல் இதே ஜயன்ட்ஸ் அணியில் ஆடும்போது டக்அவுட்டில் பாண்ட்ஸோடு சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்ட அதே கென்ட். பாண்ட்ஸுக்கு ஐந்து ஓட்டுகூட விழவில்லை. ஐந்துக்குக் கீழே வாங்கினால் அடுத்த சுற்றில் பெயர் வராது என்பது புது விதி, அதனால் 2028இல் அவர் இல்லை. 2031இல் மறுபடி பெயர் வந்தால் அப்போது அவருக்கு 67 வயது இருக்கும், அந்த முறையும் ஐந்தைத் தொடாவிட்டால் பெயரை நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள்.